ஊர் கூடிச் சமைக்கும் இசை நாடகம்

நாடகம் என்னும் சொல் நம் நாட்டிற் பாட்டையும் கூத்தையும் தன்னுள் அடக்கியே நெடுங்காலம் வழங்கி வந்தது. பாட்டில்லாத நாடகத்தை நம் முன்னோர் பெரும்பாலும் அறியார். 1891-ஆம் ஆண்டிற் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், உரையாடலாற் கதை நடத்தும் நாடகத்திற்குக் கற்றோர் நடுவே மதிப்புத் தேடித் தந்தார். அஃது ஒரு பெரும்பேறே. அதனைக் குறைகூற நாம் ஈண்டுப் புகுந்தோமில்லை. ஆயினும் படித்தவர்க்கு நாடகம், பாமரர்க்குக் கூத்து என்று ஒரு கோடு நம்மிடை விழுந்துவிட்டது. கல்லூரி மேடைகளில் இன்றளவும் அக்கோடே ஆட்சி செலுத்துகின்றது.

ஆண்டு விழாக்களில் நடப்பதை நண்பர்கள் அறிவர். அச்சிட்ட நாடகம் ஒன்று தெரிந்தெடுக்கப்பெறும். இடையிடையே பாட்டு வேண்டுமெனின் திரைப்பட மெட்டொன்றிற்கு வேறு சொற்கள் பொருத்தப்பெறும்; அதற்கும் நேரமில்லையேல் ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைப்பதே போதும் எனக் கொள்ளப்பெறும். அழைப்பிதழில் மட்டும் ‘இசை நாடகம்’ என்னும் பெயர் பெரிய எழுத்தில் நிற்கும். விழாவிற்கு மேளம் வாசிக்க வரும் வித்துவான்களோ, விருந்தினரை வாயிலில் வரவேற்றபின், தம் கருவிகளை உறையிலிட்டுக்கொண்டு வெளியேறுவர். உள்ளே நிகழும் இசை நாடகத்திற்கும் அவர்கள் இசைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இஃது எத்துணை விந்தை!

நம் கருத்து இதுவே: கல்லூரி ஒன்று தான் நிற்கும் ஊரோடு கூடி, முன் எவரும் எழுதாத ஓர் இசை நாடகத்தைப் புதிதாக ஆக்குதல் வேண்டும். ஊரார் வந்து பார்க்கும் நாடகம் போதாது. ஊரார் ஆக்கும் நாடகமே வேண்டப்படுவது.

‘கலை ஒருவன் உள்ளத்திற் பிறப்பது, பலர் கூடிச் செய்வது பந்தலேயன்றிக் காவியமன்று’ என்று நம் வகுப்பறையிலேயே மறுப்பார் உளர். காவியத்திற்கு அஃது ஒக்கும். இசை நாடகத்திற்கு ஒவ்வாது. சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகத்தைப் பாடினார். அப்பாடல்களுக்கு இசையமைத்தவர்கள் அவர்தம் மாணாக்கர்களாகிய கோதண்டராமையர், வெங்கடராமையர் என்னும் இருவர். புலவரின் பெயரை நூலின் முகப்பு அறிவிக்கின்றது. மெட்டமைத்த இருவர் பெயரை வரலாறு தேடுவோரே அறிவர். இன்று கச்சேரிகளிற் கேட்கும் இராம நாடக மெட்டுகள் பலவும் பின்வந்தோர் அமைத்தவை. ஆகவே, நாம் ஒருவர் படைப்பெனக் கருதும் அந்நூலும் இரு நூற்றாண்டுகளாகப் பலர் கைபட்டே வாழ்ந்து வருகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியபோதும், குறத்தி குறி சொல்லும் கூத்தின் வடிவை மக்களிடமிருந்தே பெற்றார். சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் பாட்டுகள் நடிகர் நாவிலும் ஆர்மோனியக்காரர் விரலிலும் தேய்ந்து தேய்ந்து மெருகேறியவை என்பதை நாடக வரலாறு கற்றார் எல்லாரும் அறிவர்.

நிற்க. கல்லூரி மாணவரும் நாட்டுப்புற ஆசான்மாரும் ஒன்றுபட்டு உழைத்தமைக்கு ஈழத்துப் பேராதனையில் நிகழ்ந்தது சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அதனைச் சற்றே விரித்துரைப்போம்.

1956-ஆம் ஆண்டில், ஆங்குப் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். கதை பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்று. வடிவமோ ‘நாடகம’ என்று சிங்கள மக்கள் வழங்கிய பழைய பாட்டுக் கூத்து. அக்கூத்து ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடமிருந்து சிங்களவர்பாற் சென்றது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பெயரே அதற்குச் சான்று பகர்கின்றது. சரச்சந்திரர் பெரும்புலவர், நூல்கள் பல யாத்தவர். எனினும் ஏட்டை மட்டும் நம்பி அவர் இசை வகுக்க முனையவில்லை. சார்லஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்னும் பழைய கூத்தாசானை அழைப்பித்து, மாணவர்க்கு அவரே பாடிக் காட்டிப் பழக்குமாறு செய்தார். பட்டம் பெற்றவர் பட்டம் பெறாதவர் முன் மாணாக்கராய் அமர்ந்த அச்செயலே அந்நாடகத்தின் பாதி வெற்றி என்போம்.

அவ்வெற்றி தந்த ஊக்கத்தாற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புத் தமிழ்க் கூத்தின்பால் தம் மாணவரைத் திருப்பினார். அக்கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். ஊரார் கூடி இன்னார்க்கு இன்ன வேடம் என முடிவு செய்து பாட்டு எழுதிய ஏட்டைக் கையளிப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். பின்னர்ப் பல மாதம் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். காலிற் சதங்கை அணிவதற்கு ஒரு நாள் குறிக்கப்பெறும். ‘அடுக்குப் பார்த்தல்’ என்னும் ஒத்திகை வரும். அதன் பின்னரே அரங்கேற்றம். எல்லாவற்றையும் இயக்குபவர் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியார். வட்டக்களரியைச் சூழ நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். ஆடுவோன் தவறினால் அண்ணாவியார் திருத்துமுன் பார்வையாளருட் கிழவர் ஒருவர் திருத்திவிடுவார். ஏனெனில் அவரும் இளமையில் அவ்வேடம் புனைந்து ஆடியவரே. ஊர் முழுதும் அந்நாடகத்திற்கு ஆசிரியர் எனல் மிகையன்று.

1962-ஆம் ஆண்டிற் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’ எனப் பேராதனை மாணவர் அண்ணாவிமாரின் துணையோடு அடுத்தடுத்து ஆடினர். விடியுமளவும் நீளும் கூத்தைச் சில மணி நேரத்தில் அடங்கச் சுருக்கினர். இவை பழையவற்றைச் செப்பஞ்செய்தவை. பின்னர், அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலே, ‘இராவணேசன்’ பிறந்தது. மட்டக்களப்பிலிருந்து சென்று பயின்ற சி. மௌனகுரு அதற்குப் பாட்டு யாத்து, இராவணனாகத் தாமே ஆடவும் செய்தார். வீரம் பேசும் வேடமாக மட்டுமிருந்த அரக்கர் கோன், தன் உள்ளத்தோடு தானே போரிடும் மனிதனாக அதில் தோன்றினான். முதலிற் பழையது கற்றனர், அடுத்துச் சுருக்கினர், பின்னரே புதியது படைத்தனர். இவ்வரிசையை நம் நண்பர்கள் உன்னித்தல் வேண்டும். இன்று நம்மிற் பலர் முதற்படியில் அடிவையாது மூன்றாம் படிக்குத் தாவ எண்ணுகின்றனர்.

அம்முயற்சியிலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி ஒருபுறம் மட்டும் திறந்த மேடையாய்ச் சுருங்கியபோது, தவறு திருத்தும் அக்கிழவர்க்கு இடமில்லாது போயிற்று. நகர மாந்தர் வசதியாகக் கண்டனர் என்பது மெய்யே. ஆயினும் கண்டவர் வெறும் பார்வையாளராயினர்.

இனி, நம் ஊரில் இது கைகூடுமா? கதைக்கு எங்கும் அலைய வேண்டுவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நாம் கூறுவோம். அப்பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் உள. ஊர்ப் பெயரும் நெல் விலையும் தின்ற கிழங்கின் பெயரும் கூட அத்தகைய பாட்டுகளில் வரும். எந்த நூலாசிரியனும் தன் கற்பனையிலிருந்து அவற்றைப் புனைய இயலாது. தாத்தாவும் பாட்டியும் தம் முன்னோர் வாய்க் கேட்டவற்றைச் சொல்லும் வீடுகள் நெசவாளர் தெருவிலும் உழவர் தெருவிலும் இன்னும் இருத்தல் கூடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டல் வேண்டும் என்பதே நம் பரபரப்பிற்குக் காரணம். பத்தாண்டு கழித்துக் கேட்கச் செல்வோர் பூட்டிய கதவையே காண்பர்.

மெட்டும் கதையோடு வந்து சேரும். கும்மி மும்மை நடையினது. பெண்டிர் கூட்டம் கூடும் காட்சிக்கு அதனினும் ஏற்றது யாது? நொண்டிச் சிந்து நான்மை நடையினது. ஊரைவிட்டு நடந்து போகும் மக்கள்தம் கதை சொல்ல அது தானே கால்கொண்டு நடக்கும். யாப்பிலக்கணம் கற்கும் நாம் சீரையும் தளையையும் தேர்வுத்தாளில் எண்ணுகின்றோம். அவை அடிவைத்து ஆடுவதை என்றேனும் கண்டதுண்டா? ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. பாட்டுத் திரட்டச் செல்வோர் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘அம்மா, ஒப்பாரி ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடலாகாது. இழவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்பது அவர்தம் கொள்கை. அதனை மூடக்கொள்கை என்று நகைப்பவன் அவ்வம்மையின் வாயிலிருந்து ஒரு பாட்டும் பெறான். வீட்டினின்று நீங்கி, தோட்டத்திலோ களத்துமேட்டிலோ, அவர் விரும்பும் பொழுதிற் கேட்டல் வேண்டும். பாடாது விடுவாராயின் அதுவும் அவர் உரிமை.

பலர் கூடினால் முடிவு செய்பவர் யார் என்னும் வினா எழும். ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பர். தேரோட்டத்தை அணுகிக் கண்டவர் மற்றொன்றையும் அறிவர். வடம் பிடிப்போர் ஆயிரவர்; ஆயினும் தெரு முனையிலே தேரைத் திருப்புவோர், சக்கரத்தடியிற் குனிந்து முட்டுக்கட்டையிடும் ஒரு சிலரே. அவர் கை பிசகினால் ஆயிரவர் வலிமையும் வீட்டுச் சுவரிற் சென்று மோதும். இசை நாடகத்திற்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். பாட்டு நீளமா, காட்சி தேவையா என்பவற்றில் அவர் சொல்லே முடிந்த சொல்லாதல் வேண்டும். அவர் பேராசிரியராகத்தான் இருத்தல் வேண்டுமென்று நாம் கருதவில்லை. தாளம் அறிந்த தவில் வித்துவான் ஒருவர் இருப்பாராயின் நம் வாக்கு அவர்க்கே.

இன்னும் முதன்மையான செய்தி பெயரும் பணமும் பற்றியது. மெட்டுக் கொடுத்த பாட்டியின் பெயர், அவர் இசைந்தால், பாட்டு யாத்த மாணவன் பெயரோடு ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் அச்சேறுதல் வேண்டும். ‘நாட்டுப்புற மெட்டு’ என்று எழுதிவிட்டுத் தந்தவரை மறைப்பது, நம் நோக்கில், பிறர் செய்யுளைத் தன்னதென்று சொல்வதற்கு ஒப்பானது. வித்துவான்களுக்கு ஒத்திகை நாட்களுக்கும் ஊதியம் அளித்தல் வேண்டும். மாணவர்க்கு மாலைப்பொழுது ஓய்வுப் பொழுது. அவர்க்கோ அது பிழைப்புப் பொழுது. ‘கலைக்காக வாருங்கள்’ என்று அவரை வெறுங்கையோடு அழைப்பதை விட அழையாதிருத்தல் நன்று. ‘பணம் எங்கே?’ என்பார்க்கு விடை எளிது. வாடகைக்கு எடுக்கும் பளபளப்பான உடைக்கும் வண்ண விளக்கிற்கும் செலவிடுவதைப் பாதியாக்கினாற் போதும். பஞ்சத்தைக் காட்டும் நாடகத்திற்குப் பட்டாடை எற்றுக்கு?

மொழியைப் பற்றித் தமிழ் பயிலும் நம்மிடையே பிணக்கு எழுதல் உறுதி. பாத்திரங்கள் செந்தமிழே பேசல் வேண்டும் என்பார் ஒரு சாரார். நாம் செந்தமிழ்ப் பற்றிற் குறைந்தவரல்லோம். இக்கட்டுரையே அதற்குச் சான்று. எனினும் பசியால் வாடும் குடியானவன் புணர்ச்சி விதி பிழையாது அழுவான் என்று நம்மால் நம்ப முடியவில்லை. கட்டியங்காரன் செந்தமிழில் பேசட்டும். குடியானவன் தன் தமிழிற் பேசட்டும்.

அரங்கேற்றத்தைக் கல்லூரி மண்டபத்தில் வைத்தலாகாது என்பது நம் இறுதி விண்ணப்பம். மண்டபத்தின் முன்வரிசை நாற்காலிகள் யார் யார்க்கு என்பது விழாவிற்கு முன்னரே முடிவாகிவிடும். பாட்டுத் தந்தவர்க்குப் பின்சுவரோரமே கிட்டும். சந்தை கூடாத நாள் ஒன்றில், அறுவடை முடிந்த தை மாதக் கடைசியில், சந்தைத் திடலிலேயே களரி அமைத்தல் வேண்டும். நாற்புறமும் கோரைப்பாய் விரித்தாற் போதும். திருத்த விரும்பும் கிழவர் எப்புறமிருந்தும் குரல் கொடுக்கலாம்.