ஏட்டில் இருந்ததா, எண்ணிக் கண்டதா?

நம்மவர் மேடைகளில் இந்நாளில் ஒரு புது வியாபாரம் நடைபெற்று வருகின்றது. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் அரும்பாடுபட்டு இயற்கையின் இரகசியம் ஒன்றைக் கண்டு வெளியிடுவார். உடனே இங்கே ஒரு பிரசங்கியார் எழுந்து, இஃதெல்லாம் எங்கள் முன்னோர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டது என்று முழங்குவார், கூட்டத்தார் கைதட்டுவர், மாலை மரியாதைகள் நடக்கும், பிறகு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போவர். குவாண்டம் கொள்கை, சார்புக் கொள்கை, ஈர்ப்பின் தத்துவம் ஆகிய மூன்றும் இவ்வாறே நம் பழைய ஏடுகளுக்குள் குடியேற்றப்பட்டுவிட்டன. அவ்வாறு குடியேற்றும் பெரியோர்களைச் சில கேள்விகள் கேட்கப் புகுகின்றோம்.

அண்மையில் சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு நாமும் சென்றிருந்தோம். பேசியவர், அணு என்னும் சொல் நம் நூல்களில் வருகின்றது, ஆதலால் குவாண்டம் நமதே என்று சாதித்தார். அவருடைய குரலைப் பெருக்கிக் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தது ஓர் ஒலிபெருக்கி. அதனுள் இருந்தது டிரான்சிஸ்டர். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் பிறந்தது. குவாண்டம் கொள்கை இன்றேல் பிறந்திருக்க முடியாதது. அதே சாலையின் தொடக்கத்தில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் அதைச் சில்லறைக்கு வாங்கலாம். ஏட்டில் உள்ள அணுவை ஒருவரும் ஒலிபெருக்கியில் பொருத்திக் காணோம்!

அணு என்னும் சொல் நம்மிடம் உண்டு. யார் இல்லை என்றார்? மிகச் சிறியது என்று நினைத்துப் பார்த்ததும் அறிவின் செயலே. ஆனால் சொல் இருப்பது வேறு, கணக்கு இருப்பது வேறு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் செந்நிறமாகவும், பின் மஞ்சளாகவும், பின் வெண்மையாகவும் ஒளிர்வதை எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஏன் அந்த நிறங்கள், எவ்வளவு ஒளி என்று கணக்கிட்டபொழுது பழைய பௌதிகம் தவறான விடையே தந்தது. 1900ஆம் ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் தொடர்ச்சியாக வெளிப்படுவதன்று, சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகின்றது என்று கொண்டு கணக்கைப் போட்டார். பொட்டலத்தின் அளவு இன்னது என்று ஓர் எண்ணையும் சொன்னார். பின்வந்தோர் பல வழிகளில் அளந்து அந்த எண்ணைச் செம்மைப்படுத்தினர். ஏட்டுக்காரர்களே, உங்கள் எண் யாது?

சார்புக் கொள்கைக்கு வருவோம். தோட்டத்துத் தோழரும் நகரத்துத் தோழரும் கைபேசியில் வழிகாட்டும் படத்தைப் பார்த்தே இன்று வண்டி ஓட்டுகின்றனர். அப்படத்துக்கு ஆதாரம் செயற்கைக் கோள்களில் உள்ள கடிகாரங்கள். அவை ஓடும் வேகத்தினால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ செகண்டு பின்தங்குகின்றன. அவ்வளவு உயரத்தில் புவியின் ஈர்ப்புத் தளர்வதனால் 45 மைக்ரோ செகண்டு முந்துகின்றன. கழித்தால் 38 மைக்ரோ செகண்டு முந்துதல். மைக்ரோ செகண்டு என்பது செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு கூறு; அற்பம் என்று தோன்றும். ஆனால் 38 மைக்ரோ செகண்டில் ஒளி 11 கிலோமீட்டர் கடந்துவிடும். திருத்தாவிடில் ஒரே நாளில் தூரக்கணக்கில் அவ்வளவு பிழை நேரும். திருத்தியவர்கள் எந்தச் சுவடியைப் புரட்டினார்கள்? ஐன்ஸ்டீன் 1905லும் 1915லும் எழுதிய சமன்பாடுகளையே புரட்டினார்கள்.

இது நிற்க. ஐன்ஸ்டீன் இவ்வூருக்கே வந்ததுண்டு. 1922 நவம்பர் 2ஆம் நாள், ஜப்பானுக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து இறங்கி, எருசலேமில் அமையவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குப் பொருள் திரட்டும் பொருட்டு யூதச் செல்வர் மனாசே மேயரைக் கண்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 21ஆம் நாள், ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரியனருகே வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளையும் என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. விகலையாவது பாகையில் 3600இல் ஒரு கூறு. அதைச் சோதிக்க, அந்நாளில் சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்ட கிறிஸ்துமஸ் தீவில் ஆங்கில வானநூலார் கருவிகளோடு காத்திருந்தனர். மேகம் வந்து மறைத்துவிட்டது. ஒன்றும் கிட்டவில்லை என்று உள்ளதைச் சொல்லித் திரும்பினர். மேற்கு ஆஸ்திரேலியாவில் வல்லால் என்னுமிடத்தில் வானம் தெளிந்திருந்தது. அங்கு எடுத்த படங்கள் ஐன்ஸ்டீன் எண்ணுக்குச் சான்றாயின. 1929 மே 9ஆம் நாள் வடசுமத்திராவிலும் கெடாவிலும் முழுக் கிரகணம். கிரகணமென்றால் அடுப்பை மூடி வீட்டுக்குள் அடைந்து கிடப்பது நம் வழக்கம்! சுமத்திராவின் தாகெங்கோனில் பிராயின்ட்லிக் என்பார் அளந்தபோதோ 2.24 விகலை வந்தது. ஐன்ஸ்டீனுக்கு மாறான எண், எனினும் மறைத்தாரில்லை, அச்சிட்டார். நெடுநாள் வாதம் நடந்தது. பின்னாளில் ரேடியோ அலைகளைக் கொண்டு நுட்பமாக அளந்தபொழுது 1.75ஏ நிலைத்தது. தமக்கு மாறான எண்ணை அச்சிடும் துணிவு நம் பிரசங்கியார்க்கு உண்டா?

தமிழர்க்கு இத்துறையில் பெருமை இல்லையோ என்று சிலர் வருந்துவர். உண்டு, ஐயா, உண்டு. ஆனால் அது சுவடியில் இல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல், தந்தையார் ரயில்வே கணக்கு உத்தியோகத்தில் லாகூரில் இருந்தபொழுது பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபொழுது இந்த இளைஞர் போய்க் கண்டார். நீ படித்த என் புத்தகம் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் கொள்கை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார் அவர். எல்லாம் முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்று நம்பும் பிள்ளையாயிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார். சந்திரசேகரோ மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

1930இல், இருபது வயது நிரம்புமுன், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் அவர் போட்ட கணக்கில்தான் குவாண்டமும் சார்பும் ஈர்ப்பும் ஒரே இடத்தில் வந்து மோதின. எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று, சூரியன் அளவு எடையோடு பூமி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல டன் நிறை. ஈர்ப்பு அதை மேலும் நசுக்காமல் தடுப்பது எது? எலெக்ட்ரான்கள். தொழிலாளர் விடுதியின் அடுக்குக் கட்டில்களை எண்ணிக்கொள்க. கீழ்த்தட்டு நிறைந்தபின் வருபவர் மேல்தட்டுக்கே ஏறவேண்டும். அதுபோல எலெக்ட்ரான்களும் ஓரிடத்தில் நெருக்க நெருக்க, மேல்மேல் வேகத்துக்கு ஏறியே இடம் பிடிக்கும். அவ்வேகமே ஈர்ப்பை எதிர்த்துத் தாங்குகின்றது. ஆனால் ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்சலாகாது என்பது சார்புக் கொள்கை. வேகம் அவ்வெல்லையை நெருங்கியதும் தாங்கும் வலிமை போதிய அளவு வளர்வதில்லை, ஈர்ப்பு வென்றுவிடும். ஆகவே இவ்வாறு தாங்கி நிற்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு. 1931இல் அவர் வெளியிட்ட எண் சூரியன் எடையில் 0.91 பங்கு, விண்மீனின் உட்பொருள் பற்றிய கருத்துத் திருந்தியபின் ஏறக்குறைய 1.4 ஆயிற்று. எஸ்டோனியாவில் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் ஸ்டோனரும் இவ்வழியில் ஏற்கெனவே சிறிது தூரம் சென்றிருந்தனர்; அவர் ஒருவரே கண்டார் என்று நாமும் ஒரு புதுப் புராணம் கட்ட வேண்டா.

1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானநூற் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். உடனே எழுந்தவர் எட்டிங்டன். ஐன்ஸ்டீன் கொள்கையை 1919 கிரகணத்தில் சோதித்துப் புகழ்பெற்றவர். வானநூலில் அந்நாளைய சக்கரவர்த்தி. விண்மீன் இப்படி அபத்தமாய் நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்ற கருத்துப்படப் பரிகசித்தார். சபையோர் சிரித்தனர். போர், பவுலி போன்ற பெரியோர் தனிமையில் இளைஞர் பக்கமே நியாயம் என்றனர். வெளியில் வாய் திறந்தாரில்லை. அறிஞர் கூட்டத்திலும் கோழைத்தனம் உண்டு என்பதை மறைப்பானேன்? ஆனால் 24 வயதுத் தமிழர் என்ன செய்தார்? என் குலம் பெரியது என்றாரா? எங்கள் முனிவர் சொன்னது என்றாரா? கணக்கைக் காட்டினார், அதிலேயே நின்றார். 1937இல் சிக்காகோ சென்று வேறு துறைகளில் உழைத்தார். 1983இல் நோபெல் பரிசு வந்தது. எட்டிங்டனுடைய பரிகாசம் மறைந்தது, 1.4 நிற்கின்றது. அவர் பெயர் தாங்கிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999இல் விண்ணேறி, அவ்வரம்பைக் கடந்து அழிந்த விண்மீன்களின் எச்சங்களையும் படமெடுத்துவருகின்றது.

இப்படிப்பட்டவரைப் பெற்றுவிட்டு, எல்லாம் ஏட்டிலேயே இருந்தது என்றால், அவர் இரவு பகலாய்க் கணக்குப் போட்டது வீண் வேலை என்றன்றோ பொருள்? கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்ன கற்பர்? வேலை முடிந்துவிட்டது, இனிக் கைதட்டுவதே பாக்கி என்று கற்பர். பள்ளியில் ஆங்கிலத்தில் சமன்பாடு, மண்டபத்தில் தமிழில் தற்பெருமை! இவ்வூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நடந்துவருகின்றது. அங்கு நடப்பதைத் தமிழில் ஒரு மணி நேரம் விளக்கச் செய்ய எத்தனை மண்டபங்கள் முன்வந்தன? குவாண்டம் காப்பு, குவாண்டம் பதக்கம் என்று நோய் தீர்க்க விற்போரைப்பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. அவர்களுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பதும் இதே மேடைதான்.

இனி ஏட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பைச் சொல்கின்றோம். குவாண்டம் கொள்கையும் ஐன்ஸ்டீனுடைய ஈர்ப்புக் கொள்கையும் இன்றுவரை ஒன்றோடொன்று முழுமையாய்ப் பொருந்தவில்லை. விண்மீன் அளவற்றுச் சுருங்கிய கருந்துளையின் நடுவில் என்ன இருக்கின்றது என்று கேட்டால், ஈர்ப்புச் சமன்பாடுகள் முடிவிலியைக் காட்டித் திகைத்து நிற்கின்றன. உலகத்தின் கூர்த்த மதியினர் பல தலைமுறைகளாய் முயன்றும் தீராத கணக்கு இது. உங்கள் சுவடியில் எல்லாம் இருக்கின்றதல்லவா? அந்தப் பக்கத்தைத் திறந்து, விடையை எண்ணோடு எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, வேறொருவர் கண்டுபிடிக்குமுன் அச்சிடுங்கள். கண்டுபிடித்த மறுநாள் வரவேண்டா.