கல்கத்தா முயலும் ஃபிலடெல்பியா பத்தியாளரும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கல்லூரி விளம்பரங்களின் தோரணை மாறிவிடுகிறது. மாணவர் சேர்க்கை முடிந்துவிட்டதால் விடுதி, பேருந்து, நீச்சல்குளப் படங்கள் போய்ப் பேராசிரியர்களின் படங்கள் வருகின்றன. இந்த வாரம் நாளிதழில் வந்தது முழுப்பக்கம். மேலே தாளாளர் கைகூப்பி நிற்கிறார். கீழே ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பிடித்த ஆசிரியர்கள் வரிசையாக. ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் துறையின் பெயர், எச்-இன்டெக்ஸ், மொத்த மேற்கோள்கள். மேலிருந்து கீழ்வரை எத்தனை முறை படித்தாலும் இவர்களில் யார் எதை ஆராய்ந்தார், எதைக் கண்டுபிடித்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

அந்த ஆசிரியர்கள் மீது எந்த வருத்தமும் இல்லை. நல்ல வேலை செய்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். அந்த வேலை என்ன என்று சொல்ல ஒரு முழுப்பக்கத்தில் இடமில்லாமல் போனதுதான் கோபம். பட்டியலைத் தயாரிப்பவர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ், தரவு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தினுடையது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதைக் கழித்துப் பார்க்கவும் அதில் வழி உண்டு. இரண்டு லட்சம் பெயர்களுக்கு மேல் இருக்கும் அந்த அட்டவணையை விருதாக மாற்றியது நம் விளம்பரத் துறை. எச்-இன்டெக்ஸும் அப்படித்தான். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. இன்று இயற்பியலை விட்டுவிட்டு மருத்துவமனை நேர்காணல் அறை வரை வந்துவிட்டது.

இந்த இடத்தில் யூஜின் கார்ஃபீல்டு வராமல் முடியாது. மேற்கோள்களை எண்ண உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1925-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். வேதியியலும் நூலகவியலும் படித்துவிட்டு 1961-இல் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்க வக்கீல்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘ஷெப்பர்ட்ஸ்’ என்றொரு தொகுப்பைப் புரட்டிவருகிறார்கள். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எது தள்ளிவைத்தது என்பது அதில் இருக்கும். அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார் கார்ஃபீல்டு. 1964-இல் ஃபிலடெல்பியாவிலிருந்து ‘சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ வெளிவந்தது. ஒரு கட்டுரையைப் பிடித்தால் அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தேடிப் போகலாம். அவர் கட்டியது அதற்கான வழி. ஆட்களுக்கு ரேங்க் போடுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம்விட அவரை நேசிக்க வேறு காரணம் இருக்கிறது. அவர் பத்தி எழுதினார். ‘கரன்ட் கன்டென்ட்ஸ்’ இதழில் வாராவாரம், ஆண்டுக்கணக்கில். அவை 15 தொகுதிகளாக வந்திருக்கின்றன. தன் கையில் இருக்கும் எண்களைப் பார்த்து அவர் மயங்கியதில்லை என்பது அவற்றைப் புரட்டினால் தெரியும். புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி 1951-இல் எழுதிய செய்முறைக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் ‘நேச்சர்’ எண்ணிப் பார்த்தபோது அது மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டி உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே எழுதிவிட்டார். எல்லா ஆய்வகத்துக்கும் புரதம் அளக்க வேண்டியிருந்தது, அதனால் எல்லோரும் அதைக் குறிப்பிட்டார்கள். கார்ஃபீல்டு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1986 ஏப்ரலில் அவர் எழுதிய ஒரு பத்தியின் தலைப்பில் கல்கத்தா இருந்தது. காலரா ஆய்வு வளர்ந்த பாதையையும் அதில் சம்புநாத் டே என்பவரின் தாக்கத்தையும் பற்றிய பத்தி. டே காலமாகி அப்போது ஏறக்குறைய ஓராண்டு.

ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1915-இல் பிறந்தவர் டே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் ராய் கேமரனிடம் 1949-இல் பிஎச்.டி. முடித்து ஊர் திரும்பினார். காலராக் கிருமியை 1884-இல் அதே கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோஹ், அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அப்போதே ஊகித்திருந்தார். அந்த நஞ்சை யாராலும் காட்ட முடியவில்லை. கிருமியை விலங்கின் ரத்தத்திலும் வயிற்று உறைக்குள்ளும் ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, பேதி மட்டும் வரவில்லை.

டே நேரே குடலுக்குப் போனார். முயலுக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் அரைச் சாண் நீளத்தை இரண்டு முனையிலும் பட்டு நூலால் கட்டினார். அந்த மூடிய பைக்குள் கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தபோது கட்டிய துண்டு நீர் கோத்து விறைப்பாக உப்பியிருந்தது. உள்ளே காலரா நோயாளிக்குப் போவது போன்ற அரிசி களைந்த தண்ணீர். கிருமி செலுத்தாத துண்டு சுருங்கியபடியே கிடந்தது. இது 1953-இல் கட்டுரையாக வந்தது. அடுத்த கேள்வி, நீரைச் சுரக்கவைப்பது கிருமியா, அது வெளிவிடும் பொருளா என்பது. திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் செய்து செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கோஹ் ஊகித்த நஞ்சு 75 ஆண்டுகள் கழித்து அகப்பட்டுவிட்டது. 1959 மே 30 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கங்களுக்குள் அடங்கிய கட்டுரை, ஆசிரியர் என்று ஒரே பெயர். அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தின் என்.கே. தத்தாவும் குட்டி முயல்களை வைத்து இதே உண்மையை வேறு பக்கமிருந்து தொட்டார்.

நோயாளியின் குடல் அழுகி உரிந்துவிடுவதில்லை; நஞ்சின் உத்தரவுக்குப் பணிந்து நீரைக் கொட்டுகிறது, அவ்வளவே. கெடாத குடல் உறிஞ்சவும் செய்யும். சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கவைத்துப் பிழைக்கவைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தப் புரிதல் வலு சேர்த்தது. 1971-இல் பங்காவ்ன் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் அந்தக் கரைசலைக் கொண்டுதான் உயிர்களைக் காப்பாற்றினார்.

டேயின் அந்த 1959 கட்டுரை வந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க டே முயன்றார். அதற்கான வசதி அவரிடம் இல்லை. 1969-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைன் அதைச் சாதித்த பிறகு காலரா நஞ்சு உலகெங்கும் ஆய்வுப்பொருளானது, டேயின் பெயரும் மேலே வந்தது. 1978-இல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்திலேயே தான் இறந்துவிட்டதாகவும், இப்போது தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் உயிர் வருவதாகவும் அங்கே அவர் பேசினார். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். இந்திய அறிவியல் அகாதெமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய விருது எதுவும் இங்கே கிடைக்கவில்லை. இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1990-இல், பெங்களூரின் ‘கரன்ட் சயின்ஸ்’ அவருக்கு ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது.

டே எழுதிய கட்டுரைகள் மொத்தம் சுமார் 30. எனவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 30-ஐத் தாண்டவே வழியில்லை, உலகம் முழுக்க அவரை மேற்கோள் காட்டினாலும். காட்டுவதும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டால் அதன் மூலத்தை யாரும் குறிப்பிடுவதில்லை என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொல்லியிருக்கிறார். ஆல்ஃபிரட் கில்மனுக்கு 1994-இல் நோபல் வாங்கித் தந்த ஜி-புரத ஆய்வில் காலரா நஞ்சு ஒரு கருவி. இன்று ஆய்வகங்கள் அதைக் குப்பியில் விலைக்கு வாங்குகின்றன. வாங்கிப் பயன்படுத்துகிறவர் தன் கட்டுரையில் விற்ற கம்பெனியின் பெயரை எழுதுவார். 1959 கட்டுரையை எழுதவேண்டிய தேவை அவருக்கு இல்லை. எந்த அட்டவணையும் இந்தக் கணக்கைக் கூட்டித் தராது. கார்ஃபீல்டுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் யாருடைய கட்டுரையிலிருந்து யாருடையது கிளைத்தது என்று வரைபடம் போட்டு, அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதினார்.

கார்ஃபீல்டின் பத்திகளைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் காலரா பாடம் நடத்தும் நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் 1986-ஆம் ஆண்டுப் பத்தியையும் டேயின் கட்டுரையையும் அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.