இரண்டாம் முட்டைச் சுற்றும் திறந்த கொட்டகையும்

முட்டைக்கோழி 70 வார வயதைக் கடக்கும் நிலையில், முட்டையின் எண்ணிக்கை குறைவதைக் காட்டிலும் ஓட்டின் தரம் குன்றுவதே பண்ணைக்குப் பெரிய தொல்லையாகிறது. வயது ஏற ஏற முட்டை பருக்கிறது, ஆனால் ஓட்டில் படியும் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 2 கிராம் அளவிலேயே நின்றுவிடுவதால் ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடும் முட்டைகள் பெருகுகின்றன. அப்போது இருக்கும் வழிகள் இரண்டே: கோழிகளைக் கழித்து விற்பது, அல்லது முட்டையிடுவதைச் சில வாரங்களுக்கு நிறுத்தி, இறகு உதிர்க்கச் செய்து, இரண்டாம் முட்டைச் சுற்றுக்கு ஆயத்தம் செய்வது. இந்த முடிவில் முட்டை விலைக்கும் குஞ்சு விலைக்கும் இடமுண்டு என்றாலும், நோயால் உற்பத்தி சரிந்த தொகுதியை, விலை வீழ்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வுக்கு அனுப்புவது அந்த நலிவையே அடுத்த சுற்றுக்கும் கடத்துவதாகும்.

உதிரும் இறகு வெளி அடையாளம் மட்டுமே. ஒளியும் தீவனச் சத்தும் குறையும்போது பிட்யூட்டரிச் சுரப்பியின் தூண்டல் தளர்ந்து, சூலகத்தில் வளர்ந்துவரும் கருமுட்டைகள் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகின்றன. முட்டைக்குழாய் சுருங்கி, ஓடு உருவாகும் பகுதியில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து, திசு புதுப்பிக்கப்படுகிறது. ஓய்வுக்குப் பின் ஓடு மீண்டும் உறுதி பெறுவதன் காரணம் இதுவே. இறகுகள் பொதுவாகத் தலை, கழுத்து, மார்பு, உடல், இறக்கை, வால் என்ற வரிசையில் விழுகின்றன. இறக்கையை விரித்து, நடுவிலுள்ள குட்டை இறகுக்கு வெளிப்புறம் அமைந்த 10 முதன்மை இறகுகளைப் பார்த்தால், நன்கு முட்டையிடும் கோழி அவற்றில் சிலவற்றைச் சேர்த்தே உதிர்ப்பதையும், சோம்பல் கோழி ஒவ்வொன்றாக உதிர்த்து நாளைக் கடத்துவதையும் காணலாம்.

பல நாட்கள் தீவனத்தை அடியோடு நிறுத்தும் பழைய முறையை இனியும் எந்த வல்லுநரும் பரிந்துரைக்கலாகாது. பட்டினி போட்டு இறகு உதிர்க்கச் செய்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இல் அறிவுறுத்தியுள்ளது. பட்டினியால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய கோழியில் சால்மோனெல்லா கிருமி எளிதில் பெருகும் என்பதையும் ஆய்வுகள் நிறுவியுள்ளன. தவிடு மிகுந்த, எரிசக்தியும் புரதமும் குறைந்த தீவனத்தைக் கொண்டே முட்டையிடுதலை நிறுத்த முடியும். சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். குடிநீரை ஒருபோதும் நிறுத்தலாகாது. கடைசி முட்டைகளுக்கான சுண்ணாம்பு எலும்பிலிருந்து கரையாதிருக்க, முதல் சில நாட்களுக்குக் கிளிஞ்சல் தருவது நல்லது.

ஒளி குறித்த வெளிநாட்டுக் கையேடுகள் நாமக்கல் பண்ணைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஓய்வுக் காலத்தில் 8 மணி நேர ஒளி என்று அவை கூறுவது, வெளிச்சம் புகாத மூடிய கொட்டகையை எண்ணியே. பக்கவாட்டில் கம்பிவலை மட்டுமே உள்ள திறந்த கொட்டகையில் விளக்கை அணைக்கலாமே தவிரச் சூரியனை அணைக்க இயலாது. இவ்வட்டாரத்தில் பகற்பொழுது டிசம்பரில் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமும் ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணி நேரமும் நீள்வதால், முட்டையிடுதலை நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு தீவனத்தின் மேலேயே விழுகிறது. பகல் குறுகிவரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடங்கும் பண்ணைக்கு இயற்கை துணை நிற்கிறது; பின்னர் விளக்கொளியால் 16 மணி நேரத்துக்கு உயர்த்தும்போது கிடைக்கும் தூண்டலும் வலுவானது. ஏப்ரல், மே வெயிலில் இதைத் தொடங்குவது கோழியின் உயிரோடு சூதாடுவதாகும்.

எந்த முறையாயினும் தராசே வழிகாட்டி. கொட்டகையின் முகப்பு, நடு, கடைசி, மேலடுக்கு, கீழடுக்கு என எல்லாப் பகுதிகளிலும் சில கூண்டுகளுக்கு அடையாளமிட்டு, அதே கோழிகளைத் திரும்பத் திரும்ப எடைபோட்டு, எடை 18 வார வயதில் இருந்த அளவை நெருங்கியதும் தீவனத்தை உயர்த்த வேண்டும். நாட்காட்டியை மட்டும் நம்பினால் மெலிந்தவை சாகும், கொழுத்தவை ஓய்வே பெறாமல் மெல்லிய ஓட்டையே தொடர்ந்து இடும். இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலுக்கான மறு தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் எடை திரும்பத் தொடங்கும் வாரங்களில், முதல் முட்டைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உற்பத்தி ஏறும் வேளையில் கோழியைப் பிடித்து ஊசி போட்டால் அந்த ஏற்றம் பாதியிலேயே தடைப்படும்.