எக்கோ வாங்கினால் மட்டும் போதாது

வெள்ளிக்கிழமை மாலையானால் ஜித்தாவின் ஷரஃபியா நம் ஊர்ச் சந்தை மாதிரி ஆகிவிடும். பணம் அனுப்ப, மீன்குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட, சொந்தக்காரனைப் பார்க்க எல்லாரும் வந்து சேர்வது அங்கேதான். போன மாதம் ஒரு டீக்கடையில் குளச்சல்காரத் தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். துவல் பக்கம் ஒரு கஃபீலுடைய (முதலாளியுடைய) மீன்பிடிப் படகில் வேலை.

"அண்ணே, போட் நிக்கும்போது எக்கோ சரியாக் காட்டுது. ஓட ஆரம்பிச்சா நம்பர் கண்டபடி தாவுது. கஃபீலு மெஷின மாத்தணும்ங்கறாரு."

"மெஷினை விடு மக்கா, அடியில பாக்கணும்" என்றேன். அப்ஹூரில் படகுப் பட்டறையில் 18 வருடமாக எனக்கு இதுதான் வேலை.

எக்கோ என்றால் கடலின் ஆழத்தைக் காட்டும் கருவி. ஆனால் ஆழத்தை அளப்பது அதன் திரை இல்லை. பின்பலகையில் கைக்குள் அடங்கும் அளவில் இருக்கிற டிரான்ஸ்டூசர். அது கீழே ஒலியை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆனால் நடுவில் காற்றுக்குமிழி வந்தால் அங்கேயே சிதறிவிடும்.

மறுநாள் படகைக் கரையேற்றிப் பார்த்தோம். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மேட்டுக்கு நேர் பின்னால் டிரான்ஸ்டூசரை அடித்திருந்தார்கள். படகு வேகமெடுத்தால் அந்த மேடு கிளப்பும் நுரை முழுக்க அதன் முகத்தில்தான் விழும். திருகு ஓட்டைகளில் குளியலறைக்குப் பூசும் சிலிக்கோன், அதுவும் பாதி பிய்ந்து. ஒரு திருகைக் கழற்றியதும் பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. உள்ளே பிளைவுட் ஊறிப்போய்க் கிடந்தது. என்ஜினைத் தாங்குகிற பலகை அது! எக்கோ தப்பாகக் காட்டியதைவிட அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது.

ஊறின இடத்தைச் சுரண்டி, காயவைத்து, எப்பாக்ஸி நிரப்பினோம். வலப்பக்கம், புரொப்பெல்லரிலிருந்து ஒரு முழம் தள்ளி இடம் பார்த்தேன். ஒற்றை என்ஜின் படகுகளில் பெரும்பாலும் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். வலப்பக்கம் இலை கீழே இறங்குவதால் அங்கே குமிழி குறைவு. முகம் படகின் அடியைவிடக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி வைத்தோம். கேபிளை என்ஜின் வயரோடு சேர்த்துக் கட்டவில்லை.

பிறகு ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கினோம். கயிறு 6 பாகம், சுமார் 11 மீட்டர். திரையில் 10.5. டிரான்ஸ்டூசர் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இருக்கிறது. போதாததற்கு செங்கடல் உப்பு கூடிய, சூடான கடல், ஒலி இன்னும் வேகமாகப் போய் வந்துவிடும். அந்தக் கணக்குக்கு 10.5 சரி. படகை ஓட்டினோம். நம்பர் தாவவில்லை.

இந்தக் கடலில் பவளப்பார் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். ஜித்தாவிலிருந்து புறப்பட்ட சலேம் எக்ஸ்பிரஸ் கப்பல் 1991 டிசம்பரில் எகிப்தின் சஃபாகா அருகே பாரில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. எக்கோ படகுக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் காட்டும், முன்னால் இருப்பதைக் காட்டாது. அந்தக் கொஞ்சத் தகவலும் பொய்யாகிவிட்டால் படகில் இருப்பவன் எதை நம்புவான்?

ஊரிலும் நிலைமை இதுதான்: கருவியை வாங்குவதோடு சரி, பொருத்துவதைக் கவனிப்பதில்லை. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் படகுகளுக்குத் தகவல் தொடர்புக் கருவி, கண்காணிப்புக் கருவி வாங்க உதவி உண்டு. நல்ல காரியம். ஆனால் எந்தக் கருவிக்கு அரசு காசு கொடுத்தாலும், அதைப் பொருத்துகிற கூலிக்கும் கடலில் ஓட்டிப் பார்க்கிற செலவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சென்னை ராயபுரத்தில் மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்கள் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்து, கரையேற்றிய படகை நடுவில் வைத்து, ஊருக்கு நாலு பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். அதில் ஒருவன் நாளைக்கு வளைகுடாவுக்கு வந்தாலும், கையில் தொழிலோடு வருவான்.

போன வெள்ளி அந்தத் தம்பி மறுபடியும் டீக்கடைக்கு வந்தான். கூடவே மூன்று பேர். எப்பாக்ஸி எப்படிக் கலக்குவது என்று கேட்கிறார்கள். நாளைக் காலை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.