முதல் பணம் மானிட்டருக்கு

வீட்டிலிருந்தே டிசைன் வேலை தொடங்க நினைத்து ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் ஒரு கொட்டேஷன் இருக்கும். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரிய தொகை. கடைசி வரியில், மிஞ்சிய பணத்தில் ஒரு மானிட்டர். அந்தச் சீட்டைக் கீழிருந்து மேலே படியுங்கள் என்பேன். முதல் பணம் மானிட்டருக்குத்தான்.

பிராசஸர் மெதுவாக ஓடினால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். மானிட்டர் நிறத்தைத் தப்பாகக் காட்டினால் அந்தத் தப்பு ஆயிரம் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிவிடும். அரக்கு என்று நினைத்துக் கொடுத்தது செங்கல் நிறத்தில் வந்து நின்றால் பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

ஐபிஎஸ் பேனலாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான டிஎன் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறித் தெரியும். அடுத்தது எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் வகுத்த இந்த வண்ண வரையறையை மானிட்டர் முழுமையாகக் காட்ட வேண்டும். விலை குறைந்த லேப்டாப்புகளின் விவரத்தில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது சுமார் 63 சதவீதம்தான். அளவில் 27 அங்குலமும் 2560 × 1440 புள்ளிகளும் வசதியாக இருக்கும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் 24 அங்குலமே போதும்.

நல்ல மானிட்டர் வாங்கியும் அச்சு கருத்து வருகிறது என்பவர்கள் பலர். பெட்டியிலிருந்து எடுக்கும்போது மானிட்டரின் வெளிச்சம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சத்தில் படம் பளிச்சென்று தெரியும், தாளில் மங்கிவிடும். வெளிச்சத்தை 120 நிட்ஸ் அளவுக்கும், வண்ண வெப்பநிலையை 6500 கெல்வினுக்கும் கொண்டுவாருங்கள். ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி மேசையைப் போடுங்கள். திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிபார்க்கும் கேலிப்ரேட்டர் கருவியும் கிடைக்கிறது. வருமானம் வரத் தொடங்கியதும் வாங்கலாம். அதுவரை, உங்கள் பிரஸ்ஸில் அடித்த ஒரு தாளைப் பக்கத்தில் வைத்து அதே ஃபைலைத் திறந்து ஒப்பிடுங்கள். கிளிப்பச்சையும் பளீர் நீலமும் நான்கு மையில் அப்படியே வராது என்பது அப்போது கண்ணுக்கே பழகிவிடும்.

அடுத்த செலவு ராம். ஏ4 தாளை 300 டிபிஐயில் திறந்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். அச்சின் நான்கு மைக்கான சிஎம்ஒய்கேயில் புள்ளிக்கு 4 பைட். ஆக, தாளை நிறைக்கும் ஒரு லேயருக்கே 35 எம்பி. இருபது லேயர், திரும்பிப்போக ஹிஸ்டரி, பக்கத்தில் கோரல் டிரா, பிரவுசர் என்று சேர்ந்தால் 8 ஜிபி திணறும். 16 ஜிபியில் தொடங்குங்கள். இன்னொன்று செருகக் காலி ஸ்லாட் இருக்கட்டும். ராம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும் என்பதால் வேலை நடக்கும் இடம் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். முடிந்த வேலைகளுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில் அவசியம். மின்வெட்டு வரும் ஊரில் யுபிஎஸ்ஸை விருப்பப் பொருளாக நினைக்காதீர்கள்.

பென் டேப்லெட் எல்லோருக்கும் தேவைப்படாது. படம் வரைபவர்களுக்கும், தூரிகை எழுத்துப் போடுபவர்களுக்கும், முகங்களை ரீடச் செய்பவர்களுக்கும் சிறிய அளவே போதும். வாக்கம் டேப்லெட்டின் பேனாவுக்கு பேட்டரிகூட வேண்டாம். டேப்லெட்டின் காந்தப் புலத்திலிருந்தே சக்தி பெற்றுக்கொள்ளும். பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் மட்டும் செய்பவர்களுக்கு நல்ல மவுஸ் போதுமானது. விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். வீடியோவும் 3டியும் கைக்கு வரும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் மூன்று படங்கள் எடுத்துப் போங்கள்: நன்றாகத் தெரிந்த ஒரு முகம், ஒரு பட்டுப்புடவை, கறுப்பிலிருந்து வெள்ளைவரை மெல்ல மாறும் ஒரு சாம்பல் பட்டை. மானிட்டரை ஓடவிட்டு அவற்றைத் திறக்கச் சொல்லுங்கள். பட்டையில் வரிவரியாகப் படி தெரிந்தாலோ முகம் நீலம் பூத்தாலோ அடுத்ததைக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் தொழிலின் பெயர் அந்தத் திரையில்தான் தீர்மானமாகிறது.