மூச்சைக் கவனித்தால் நாற்காலி வருமா?

எரிச்சல் வந்தால் மூச்சைக் கவனி, நடப்பதை ஏற்றுக்கொள், மாற வேண்டியது உன் மனம்தான் என்று தியான வகுப்புகளும் தன்னம்பிக்கை நூல்களும் நமக்கு ஓயாமல் சொல்கின்றன. தியானத்தோடு எனக்குச் சண்டையில்லை. யாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இடையிலுள்ள 202 நிமிடத்தைப் பெண் தன் மனத்துக்குள்ளேயே சரிசெய்துகொள்ள வேண்டுமாம்!

கேரளத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கும் கால் வலித்தது, எரிச்சல் வந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கமாகக் கூடிப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டு உட்காரும் உரிமை கிடைத்தது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அந்தப் பெண்கள் கண்ணை மூடிக் கோபத்தைக் கரைத்திருந்தால் நாற்காலி எங்கிருந்து வந்திருக்கும்?

அநியாயம் எங்கே இருக்கிறது என்று நமக்கு முதலில் சொல்வதே இந்த எரிச்சல்தான். தோழிகளே, பொறுமையைப் போதிக்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?