தீவின் உயிர்நிலை கிணற்று நீரே

அரபிக் கடலில், கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுரக் கிலோமீட்டரே. முப்பத்தாறு தீவுகளுள் மக்கள் வாழ்பவை பத்து. 2011-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 64,473 பேர்; அதாவது, ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல். இத்தகைய இடங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் கப்பல், விமானம், மின்சாரம், விடுதி ஆகியவற்றையே முதலிற் குறிப்பிடுகின்றனர். இவை வேண்டுவனவே. ஆயினும், தீவின் காலடியில் தங்கியுள்ள நன்னீரைக் கணக்கிற் கொள்ளாத எத்திட்டமும் அடித்தளமற்ற கட்டிடத்தையே ஒக்கும்.

குடியிருப்பு நீரைப் பின்பற்றி வருவதென்பதற்குப் பித்ரா ஒரு சான்று. ஏறத்தாழப் பத்திலொரு சதுரக் கிலோமீட்டர் பரப்பே உடைய இச்சிறு தீவு நெடுங்காலம் கடற்பறவைகள் முட்டையிடும் இடமாக இருந்தது. அதன் கிணற்று நீர் சற்று உவர்ப்பானது. அண்டைத் தீவினர் வந்து போன இடமாக இருந்த அங்கு, நிலையான குடியேற்றம் 1945-ஐ ஒட்டியே தொடங்கிற்று. 2011-இல் அதன் மக்கள் 271 பேர்.

இத்தீவுகளில் ஆறோ ஓடையோ இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் அளவிற் பெய்யும் மழை, பவள மணலின் வழியே கீழிறங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே, இறங்கிய மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை விஞ்ஞானிகள் நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அடி வரை அது பரவியிருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. பவளத் தீவுகளிலோ நிலைமை வேறு. நுண்துளைகள் நிறைந்த பாறையினூடே அலையேற்றமும் இறக்கமும் நாள்தோறும் உப்பையும் நன்னீரையும் கலக்கின்றன. அதனால் உண்மையில் வில்லை மிக மெல்லியதாகவே அமைகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் வரும் கோடை மாதங்களில் அது மேலும் மெலிந்துவிடுகிறது.

முன்னோர் ஆழமற்ற கிணறுகளைத் தோண்டி, வாளியால் இறைத்துப் பயன்படுத்தினர். மெல்ல எடுத்த நீரை மழை மெல்ல ஈடுசெய்தது. மோட்டார் பம்பு வந்தபின் இந்த ஒழுங்கு குலைந்தது. ஓரிடத்தில் விரைவாக உறிஞ்சினால், மேலிருந்து நன்னீர் வருமுன் கீழிருந்து உப்புநீர் எழும்பிவிடும். அவ்வாறு உவர்ப்பேறிய கிணறு பழைய நிலைக்குத் திரும்பப் பல மழைக்காலங்கள் ஆகலாம். மற்றொரு கேடும் உண்டு. நெருக்கமான வீடுகளில் கழிவுக் குழியும் கிணறும் அருகருகே அமைந்துள்ளன. பவள மணல் கழிவை வடிகட்டும் ஆற்றல் குறைந்தது. நோய்க்கிருமிகள் எளிதிற் கிணற்றை அடைகின்றன.

இந்நிலையில் விஞ்ஞானம் ஒரு பெருந்துணையை அளித்துள்ளது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரை வெற்றிடத்திற்கு நெருங்கிய குறைந்த அழுத்தத்தில் விட்டால், அதில் ஒரு பகுதி தானே ஆவியாகும். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றப்படும் குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்தால் தூய நீர் கிடைக்கும். நீரைக் காய்ச்ச எரிபொருள் வேண்டியதில்லை. இம்முறையிலான நிலையங்கள் 2011-இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இயங்கத் தொடங்கின. கட்மத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தரும் நிலையம் 2024 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. இவை நாடு பெருமை கொள்ளத்தக்க சாதனைகள் என்பதில் ஐயமில்லை.

எனினும், யந்திரம் வந்துவிட்டதால் கிணற்றை மறக்கலாம் என்ற எண்ணம் தவறானது. கவரத்தியின் முதல் நிலையம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் தருமாறு அமைக்கப்பட்டது. 2011-இல் அத்தீவின் மக்கள் பதினோராயிரத்துக்குச் சற்று மேல். பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்பது லிட்டர் அளவே வரும். குடிக்கவும் சமைக்கவும் இது போதும். குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய நீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும். மேலும், பம்புகள் ஓட மின்சாரம் தேவை; அம்மின்சாரம் பெரும்பாலும் நாட்டுக் கரையிலிருந்து கப்பலில் வரும் டீசலையே நம்பியிருந்து வந்துள்ளது. பருவக்காற்று சீறும் மாதங்களில் கப்பற் போக்குவரத்து தடுமாறும். 2017-இல் வந்த ஒக்கிப் புயல் போன்ற இடரின்போது, யந்திரம் ஒன்றை மட்டும் நம்பிய தீவு தாகத்தால் வாட நேரிடும்.

கூரையில் விழும் மழையோ கப்பலுக்குக் காத்திராது. ஐம்பது சதுர மீட்டர் கூரையில் ஆண்டு முழுதும் விழுவது எண்பதாயிரம் லிட்டர். இதில் பத்தாயிரம் லிட்டரை மட்டும் மூடிய தொட்டியிற் சேமித்து வைத்தாலும், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் இருநூறு நாட்களுக்குக் காணும். கோடை முழுவதையும் கடக்க இது போதுமானது. எஞ்சிய மழை மண்ணுள் இறங்கி வில்லையை வளர்க்கும்.

ஆகவே, ஒவ்வொரு தீவிற்கும் ஒரு நீர்க்கணக்கு வேண்டும். குறிப்பிட்ட கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து, மக்கள் காணுமாறு வெளியிடல் வேண்டும். இது கடினமான வேலையன்று. பள்ளி மாணவர்களே செய்யத்தக்கது. புதிய கட்டிடமோ விடுதியோ எழுமுன், அது எவ்வளவு நீரை எடுக்கும், கழிவை எங்கே விடும் என்பதை அக்கணக்குடன் ஒப்பிட்டு நோக்கவேண்டும். விருந்தினர் வருகையால் வருவாய் பெருகும் என்பது மெய்யே. ஆனால், விருந்தினர் குளியலுக்காக வீட்டார் கிணறு உவர்ப்பேறுமாயின் அவ்வருவாய் நட்டமே ஆகும்.

நிலத்தைக் காக்கும் பவளப்பாறையும் இக்கணக்கிற் சேர்ந்ததே. அலையின் வேகத்தை உடைத்து, கடல் உட்புகாமல் தடுப்பது அப்பாறை. மினிக்காய் மீனவர் தூண்டிலிற் சூரை பிடிப்பதற்குப் பயன்படுத்தும் இரைமீன்களும் பாறை சூழ்ந்த காயலிலேயே வாழ்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பமேறியதால் பவளங்கள் வெளுத்து, அவற்றுட் பல மடிந்தன. கடலின் வெப்பத்தைத் தீவினர் தணிக்க இயலாது. ஆனால் காயலிற் கழிவு சேர்வதையும் பவளத்தை உடைப்பதையும் தடுக்க இயலும்.

இவ்வளவு இடர்ப்பாடு எதற்கு, சிறு தீவினரை நாட்டுக் கரையிற் குடியமர்த்திவிடலாமே என்று சிலர் கூறலாம். கடலும் தென்னையும் ஊட்டி வளர்த்த ஒரு சமுதாயத்தின் மொழியும் தொழிலும் படகுக் கலையும் பெயர்த்து நடத்தக்க பொருள்களல்ல. 2024-இல் கொச்சியிலிருந்து கடலடிக் கம்பி வந்தபின், கல்விக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் இருந்த தொலைவும் குறைந்து வருகிறது. தீவில் இருந்தே வாழ விரும்பும் இளைஞருக்கு வழி திறந்துள்ளது. அவ்வழி நிலைக்கவேண்டுமாயின் கிணற்று நீர் இனிமையாக இருத்தல் வேண்டும். திட்டமிடுவோர் கையிலெடுக்க வேண்டிய முதல் ஏடு, தீவின் நீர்க்கணக்கே.